பின்னால் பார்ப்பது கார்டின் வேலை

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் ஒரே தங்கையின் கையைப் பிடித்தவனும், இன்று காலை பத்தரை மணியிலிருந்து அந்தக் கை எங்கே போனதென்று தெரியாமல் ஊரைச் சுற்றி வருபவனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாகவே இருப்பீர்கள். நடுவில் உங்கள் தங்கை எங்கே இருக்கிறாள், சுகமாக இருக்கிறாளா என்பது மட்டும்தான் தெரியவில்லை. அதை விசாரிக்கவே இந்தக் கடிதம்.

படித்ததும் பதற வேண்டாம். அக்காவிடம் கொடுக்கவும் வேண்டாம், அவர்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. போன் இருக்கிற காலத்தில் இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். சட்டைப்பையில் போட்டால் சட்டை ஒரு பக்கமாக இழுக்கிறது என்று என் போனையும் அவள் கைப்பையில்தான் கொடுத்து வைத்திருந்தேன். படிக்கிற கண்ணாடியும் அதே பையில். அதனால்தான் எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கிறது, மன்னிக்கவும். லாட்ஜில் போன் தருகிறேன் என்றார்கள். யாருடைய நம்பரும் எனக்கு மனப்பாடம் இல்லை. நான் ஓட்டிய எஞ்சின்களின் நம்பரைக் கேட்டால் வரிசையாகச் சொல்வேன், அதனால் என்ன பிரயோஜனம்? உங்கள் வீட்டு முகவரி மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இந்த லாட்ஜின் வேன் இன்று மாலை உங்கள் ஊருக்கு விருந்தினர்களை அழைத்து வரப் போகிறதாம். விடிவதற்குள் உங்கள் வீட்டு வாசலில் இதைக் கொடுத்துவிடுவதாக வேன்காரர் சத்தியம் செய்திருக்கிறார். உங்கள் தங்கை கோபத்தில் பஸ் ஏறியிருந்தால் அவளும் விடியற்காலைதான் வந்து சேருவாள். கடிதம் முந்துகிறதோ அவள் முந்துகிறாளோ தெரியாது. கதவைத் தட்டினால் "வாம்மா" என்று மட்டும் சொல்லுங்கள். "இதுக்குத்தான் ரயில் ஓட்டுறவன் வேணாம்னு நான் அன்னிக்கே சொன்னேன்" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். அதை நாம் இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து எங்காவது போக வேண்டும், போக வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பத்துமூன்று வருடம் சரக்கு ரயில் ஓட்டியவனுக்கு ஊர் பார்க்கும் ஆசை எப்படி வரும்? நான் பார்க்காத ஊரா? எல்லா ஊரையும் நிற்காமல் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் ஆசைப்பட்டுவிட்டாளே என்று ஏரி இருக்கிற இந்த ஊருக்கு நேற்று வந்து இறங்கினோம். ஸ்டேஷனிலிருந்து லாட்ஜ் கூப்பிடு தூரம். நடந்தே வந்தோம். நான் பெரிய பெட்டியோடு முன்னால் வந்து சேர்ந்தேன். கவுண்டரில் கிளார்க் ரிஜிஸ்டரை நீட்டி, "எத்தனை பேர் சார்?" என்றார். டிரைவர்கள் தங்கும் ஓய்வறையில் இத்தனை வருடமும் எப்படிக் கையெழுத்துப் போட்டேனோ அப்படியே "ஒருவர்" என்று எழுதிவிட்டேன். மனசறிந்து எழுதவில்லை, பேனா பழக்கத்தில் எழுதிவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து உங்கள் தங்கை சின்னப் பெட்டியோடு மூச்சு வாங்க உள்ளே வந்தாள். கிளார்க் அவளைப் பார்த்து, "உங்களுக்கும் ரூம் வேணுமாம்மா?" என்று கேட்டுவிட்டார். ராத்திரி படுக்கிற வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பயணக் களைப்பு என்று நினைத்து நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஆரம்பித்தது.

"ஸ்டேஷன்லேருந்து இங்க வரைக்கும் எத்தனை தடவை திரும்பிப் பாத்தீங்க?"

"எதுக்குப் பாக்கணும்?"

"நான் வர்றேனா இல்லையான்னு."

"வந்துட்டுதானே இருந்தே."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்னிடம் இருந்தது, மச்சான். ஆனால் வாயில் ரொட்டி இருந்தது. ரொட்டியை விழுங்குவதற்குள் வேறொரு பதில் முந்திக்கொண்டது. "பின்னால பாக்குறது டிரைவர் வேலை இல்ல. அதுக்குத்தான் கடைசிப் பெட்டியில கார்டு இருக்காரு" என்றேன்.

"அப்போ நான் கார்டா?"

"ஆமா பின்ன! கார்டு பச்சைக்கொடி காட்டாம எந்த வண்டி நகரும்? எவ்வளவு பெரிய பதவி!"

பெருமையாகத்தான் சொன்னேன். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "முப்பத்தோரு வருஷமா உங்க முதுகைத்தான் பாத்துட்டு வர்றேன். சந்தையில முதுகு, கல்யாண வீட்டுல முதுகு, ஆஸ்பத்திரியில முதுகு. இப்படியே எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடப் போறேன். அங்கயாவது மூஞ்சியப் பாத்துப் பேசுவாங்க" என்றாள். இது சண்டை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. உங்களைப் பற்றி நல்ல விதமாகத்தானே சொன்னாள்?

சாப்பிட்டு முடித்ததும் கிளார்க்கிடம் என்ன பார்க்கலாம் என்று கேட்டேன். "ஏரியச் சுத்தி நடந்தே பாத்துடலாம் சார். ஒரே பாதைதான். தொலையணும்னு நெனச்சாக்கூடத் தொலைய முடியாது" என்றார். இந்த மனுஷன் வாயை என்ன சொல்வது?

படகுத்துறையில் நடக்க ஆரம்பித்தோம். அங்கே ஒரு பெரிய பலகை. ஏரியின் படம் போட்டு, ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" என்று எழுதியிருந்தது. உண்மைதான், அங்கேதான் இருந்தோம். ஏரி வலது கைப்பக்கம். நல்ல காற்று. நான் முன்னால் போய்க்கொண்டே எஞ்சினில் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று உங்கள் தங்கைக்கு விளக்கிக்கொண்டு போனேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தாள். முப்பத்தோரு வருடத்தில் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லையே, சண்டை தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டேன். அரைமணி நடந்தபிறகு இன்னொரு பலகை. அதிலும் படகுத்துறை மேலேயே சிவப்புப் புள்ளி. "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்." எனக்குத் தலை சுற்றியது. பலகையை நம்பாதவன் டிரைவராக இருக்க முடியாது. வழியில் எந்தப் பலகை என்ன சொல்கிறதோ அதுதான் எங்களுக்கு வேதவாக்கு. அப்படியானால் இந்த அரைமணி நேரம் நான் நடக்கவே இல்லையா? பலகையை மூன்று தடவை படித்தேன். புரியவில்லை. தொண்டை வறண்டது. எப்போதும் போல வலது கையைப் பின்னால் நீட்டினேன்.

எப்போதும் நீட்டினால் கையில் தண்ணீர் பாட்டில் வந்து உட்காரும், மூடி திறந்தபடியே. வரவில்லை. விரலை ஆட்டிக் காட்டினேன். வரவில்லை. காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். தண்ணீர் கரையில் மோதும் சத்தம், படகுக்காரர்கள் கூப்பிடும் சத்தம், எல்லாம் கேட்டது. அவள் காலடிச் சத்தம் மட்டும் இல்லை.

இங்கே என் யோசனையை நீங்கள் கவனிக்க வேண்டும், பிறகு என்மேல் குற்றம் சொல்லக் கூடாது. பாதை ஒற்றைப் பாதை. பின்னால் சத்தம் இல்லை, ஆகவே பின்னால் ஆள் இல்லை. பின்னால் இல்லாதவர் முன்னால்தான் இருக்க முடியும். நான் பலகையைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் என்னை முந்திக்கொண்டு போயிருக்கிறாள். முப்பத்தோரு வருடம் முதுகைப் பார்த்தவள், இன்றைக்கு என்னை அவள் முதுகைப் பார்க்க வைக்கிறாள். சரி, நியாயம்தான் என்று நினைத்து நானும் நடையை எட்டிப் போட்டேன். திரும்பி ஒரு தடவை பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சத்தமே இல்லாத இடத்தில் எதைப் போய்ப் பார்ப்பது, மச்சான்?

கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை. "இந்தப் பக்கமா ஒரு அம்மா போனாங்களா?" என்று கேட்டேன். டீக்காரர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தார். பிறகு ஒரு மாதிரியாகச் சிரித்துக்கொண்டு, "போகல சார்" என்றார். கேட்காமலேயே இரண்டு டம்ளரில் டீ ஊற்றினார். "நான் ஒருத்தன்தானே?" என்றேன். "இருக்கட்டும் சார், ஆறாமக் குடிங்க" என்றார். ஒரு டீயைக் குடித்துக்கொண்டே ஏரிப் பக்கமாக ஒரு நோட்டம் விட்டுத் திரும்பினால் இரண்டாவது டம்ளரும் காலி. வாடிக்கையாளருக்கு ஊற்றிய டீயைக் கடைக்காரரே குடிக்கிற ஊரை இப்போதுதான் பார்க்கிறேன். கிளம்பும்போது அவர், "கையில வெண்ணெய வச்சிக்கிட்டு நெய்க்கு அலையிறாங்க சில பேரு" என்றார். வெண்ணெய், நெய் எல்லாம் டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த ஊரில் எல்லாருக்குமே இந்தத் தோளுக்கு மேலே பார்க்கும் வியாதி இருக்கிறது. நாள் முழுக்க ஏரியின் பளபளப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் ஒன்றரையாகிவிட்டது போல. அடுத்து ஒரு போட்டோக்காரர். கழுத்தில் கேமரா, பக்கத்தில் உடனே பிரிண்ட் போட்டுத் தரும் மெஷின். வழியில் போகிற ஒவ்வொருவரையும் பார்ப்பவராயிற்றே என்று விசாரித்தேன். அவரும் தோளுக்கு மேலே பார்த்தார். "முதல்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க சார், அப்புறம் பேசலாம். அப்படியே நில்லுங்க. கொஞ்சம் இடது பக்கம் நகருங்க. இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப மறைக்கல. சிரிங்க, நல்லாச் சிரிங்க!"

"பொண்டாட்டியக் காணோம், சிரிப்பு எங்கிருந்துய்யா வரும்?" என்றேன். அந்த ஆள் கேமராவைப் பிடிக்க முடியாமல் விழுந்து விழுந்து சிரிக்கிறார். பிறர் துன்பத்தில் இவ்வளவு சந்தோஷமா? போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். கண்ணாடி இல்லாததால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நான் இருக்கிறேன், ஏரி இருக்கிறது, தோளுக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஏதோ பூச்செடி. ஒரே நாளில் எப்படி இளைத்துப் போனேன் என்று பாருங்கள்.

அங்கிருந்து ஒரு மேடு. மேட்டின் மேல் கம்பி போட்ட ஒரு இடம், எதிரே செங்குத்தான பாறை. இங்கிருந்து கத்தினால் அந்தப் பாறை திருப்பிச் சொல்லுமாம். ஒரு கூட்டம் நின்று "ஓ" என்று கத்திக்கொண்டிருந்தது. நானும் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். எப்படிக் கூப்பிடுவது? வீட்டில் "இந்தா" என்பேன், "இங்க பாரு" என்பேன், பெரும்பாலும் தொண்டையைச் செருமுவேன், வந்துவிடுவாள். பாறைக்கு முன்னால் நின்று செருமினால் யாருக்குத் தெரியும்? சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள் என்ற வெட்கத்தை விட்டு, உங்கள் தங்கையின் பெயரைச் சொல்லி முழுக்குரலில் கூப்பிட்டேன். கல்யாணமானதிலிருந்து இதுதான் முதல் தடவை. பாறை அவள் பெயரைத் திருப்பிச் சொன்னது. அதோடு நிற்காமல், "என்னங்க?" என்றும் சொன்னது.

நான் கேட்டது நிஜம், மச்சான். அவள் குரலேதான். பாறைக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டேன். எல்லாரும் என் தோளுக்கு மேலே பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். குரல் எதிரிலிருந்துதான் வந்தது, ஆகவே அவள் பாறைப் பக்கம்தான் இருக்கிறாள் என்று முடிவு செய்து இறங்கி ஓடினேன். பாறையடியில் இரண்டு ஆடுகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. அங்கேயும் ஒரு பலகை இருந்தது. "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" என்று படகுத்துறையைக் காட்டியது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது எனக்கு. நான்தான் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை என்றால் அவளை எங்கே என்று தேடுவது?

அப்போதுதான் பயம் வந்தது. அதுவரை எரிச்சல்தான் இருந்தது. ஏரியைப் பார்த்தேன். ஆழம் எவ்வளவு என்று ஒரு கம்பத்தில் எழுதியிருந்தார்கள், அதைப் படிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நேரே கரையோரத்துப் போலீஸ் சாவடிக்குப் போனேன். பலகைகளைப் பற்றி முதலில் கேட்டேன். "ஒரே அச்சுல எல்லாப் பலகையையும் அடிச்சுட்டாங்க சார். மாத்தணும் மாத்தணும்னு எழுதிட்டே இருக்கோம்" என்றார் போலீஸ்காரர். பிறகு ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "காணாமப் போனவங்க அடையாளம் சொல்லுங்க" என்றார்.

"என் தோள் உயரம் இருப்பாங்க."

"என்ன கலர் டிரெஸ்?"

மச்சான், உங்களிடம் மறைப்பானேன். எனக்குத் தெரியவில்லை. "குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தாங்க. நான்தான் இந்தப் பயணத்துக்குன்னு வாங்கிக் குடுத்தேன். நல்ல கனம்" என்றேன்.

"கலரு?"

"கனம் மட்டும்தான் பாத்து வாங்கினேன்."

"சரி, மூஞ்சியில ஏதாவது மச்சம், தழும்பு?"

முகம் கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் மச்சம் வலது பக்கமா, இடது பக்கமா என்று கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. போலீஸ்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "என்ன சார், கட்டின பொண்டாட்டிய நீங்க எப்படித்தான் அடையாளம் கண்டுபிடிப்பீங்க?" என்றார்.

"சத்தத்தை வச்சு" என்றேன்.

காலையில் ரொட்டியோடு விழுங்கிய பதில் அப்போது தானாக வெளியே வந்துவிட்டது. "அவங்கள நடந்து வரச் சொல்லுங்க சார், ஆயிரம் பேர் நடுவுல சொல்லிடுவேன். வலது கால் தட்டும், இடது கால் லேசா இழுக்கும். முன்ன இழுக்காது. மூணு வருஷத்துக்கு முன்ன நான் டூட்டிக்குப் போயிருந்தப்போ எங்கயோ விழுந்திருக்காங்க. எங்கிட்ட சொல்லல. நானும் கேக்கல. ஆனா வந்த அன்னிக்கே சத்தம் மாறிப்போச்சு. அன்னிலேருந்து நான் நடைய மெதுவாக்கிட்டேன். மேடா இருந்தா இன்னும் மெதுவாப் போவேன். படின்னா செருப்புல கல்லு குத்துற மாதிரி நிப்பேன். கடைசிப் பெட்டி இழுபடாம வரணும்ல சார். அந்தச் சத்தம் வந்துட்டே இருந்தா எனக்கு எதையும் திரும்பிப் பாக்க வேண்டியதில்ல. இன்னிக்கு அது இல்ல. என்ன செய்யுறதுன்னே தெரியல."

போலீஸ்காரரும் வழக்கம்போல என் தோளுக்கு மேலே பார்த்தார். மூக்கை உறிஞ்சினார், ஏரிக்காற்றில் சளி பிடித்திருக்கும். பிறகு அந்தத் தாளை நாலாக மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, "வந்துருவாங்க சார். ரொம்பத் தூரம் போயிருக்க மாட்டாங்க. நீங்க பாட்டுக்கு நடங்க" என்றார். புகாரை எழுதக்கூட இல்லை. இதுதான் இவர்கள் வேலை செய்யும் லட்சணம்.

எங்கே நடப்பது? மறுபடியும் ஏரியைச் சுற்றி நடந்தேன். இரண்டாவது சுற்று முழுக்க இன்னொரு தொல்லை. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகும் பேட்டரி வண்டி ஒன்று என் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. நான் ஓரமாக ஒதுங்கிக் கையைக் காட்டினேன், முந்தவில்லை. நான் நின்றால் அதுவும் நிற்கிறது. நடந்தால் வருகிறது. பாதை காலியாக இருக்கும்போது முந்தத் தெரியாதவனுக்கெல்லாம் யார்தான் லைசென்ஸ் கொடுத்தார்களோ? திரும்பி அந்த டிரைவரை நாலு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றியது. இன்றைக்கு யாரோடும் சண்டை வேண்டாம், காலையில் போட்டது போதும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது மாலை ஐந்தரை. லாட்ஜின் வரவேற்பறையில், ஜன்னலைப் பார்த்த மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னலில் ஏரி தெரிகிறது, பாதையும் தெரிகிறது. வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். பின்னால் சோபாவில் யாரோ உட்கார்ந்து பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு காபி குடிக்கிறார்கள். குடிக்கட்டும், அவர்களுக்கு என்ன கவலை?

மச்சான், ஒன்று கேட்கிறேன். நீங்கள் எனக்குப் பெண் கொடுக்க யோசித்ததில் தப்பே இல்லை. ஆனால் அவள் அங்கே வந்தால், காலையில் கேட்டாளே ஒரு கேள்வி, "நான் வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று, அதற்கு என் சார்பாக நீங்கள் பதில் சொல்லிவிடுங்கள். கேட்டுக்கொண்டே இருந்தது, அதனால் தெரிந்தது என்று சொல்லுங்கள். இன்று ஒரே ஒரு நாள் அந்தச் சத்தம் இல்லாமல் நடந்து பார்த்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன். அவள் கோபம் தீரும் வரை அங்கேயே இருக்கட்டும். தீர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள், நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். வரும்போது அவள் முன்னால் நடக்கட்டும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, கற்றுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். மூத்தவனுக்கு வேலை நிலைக்கவும், சின்னவள் பரீட்சையில் தேறவும் என் ஆசிகள். கூடத்துக் கடிகாரம் பத்து நிமிடம் பிந்தி ஓடுவதாகப் போன தடவையே சொன்னேன், சரி செய்துவிட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
வழி தெரிந்தும் தடம் புரண்ட
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: ரிஜிஸ்டரில் இன்னும் "ஒருவர்" என்றுதான் இருக்கிறதாம், இப்போது நிலவரம் அப்படித்தானே, அப்படியே விட்டுவிடவா என்று கிளார்க் கேட்கிறார். அடித்துவிட்டு "இருவர்" என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அதற்கும் பின்குறிப்பு: அண்ணா, இது நான்தான். பதறாதீர்கள். இவர் எழுதியதில் நான் காணாமல் போனேன் என்பதைத் தவிர மற்றதெல்லாம் நிஜம். பத்திரிகை புரட்டிய ஆள் நான்தான். இரண்டு காபி ஆயிற்று. ஒட்டி அனுப்பச் சொல்லி இவர் கொடுத்த கடிதத்தைக் கிளார்க் நேரே என் கையில் கொண்டுவந்து கொடுத்தார். இவர் இன்னமும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

நான் எங்கேயும் போகவில்லை அண்ணா. இரண்டாவது பலகை வருவதற்குச் சற்று முன்னால் செருப்பு வார் கடித்தது. புல் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான் செய்த தப்பு. பலகைக்கு முன்னால் நின்று இவர் கையை நீட்டியபோது பாட்டிலின் மூடியைத் திறந்து தயாராகத்தான் வைத்திருந்தேன். இன்று ஒருநாள் திரும்பி வாங்கட்டுமே என்று பேசாமல் நின்றேன். இவர் விரலை ஆட்டினார். பிறகு ஓட்டமும் நடையுமாகப் போக ஆரம்பித்துவிட்டார். பத்தடி பின்னாலேயே போனேன். பார்த்தவர்களிடமெல்லாம் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். டீ நான் குடித்தது. போட்டோவில் இருப்பது பூச்செடி இல்லை, பார்த்தாலே தெரியும். அந்தப் பாறைக்கு முன்னால் மட்டும் என்னை அறியாமல் வாய் திறந்துவிட்டது. என் பெயரை இவர் குரலில் கேட்டது எனக்கே புதிதாக இருந்தது.

போலீஸ் சாவடியில் போதும் விளையாட்டு என்று தோளைத் தொடக் கையைத் தூக்கிவிட்டேன். அப்போதுதான் இடது கால் கதையைச் சொன்னார். நான் மாடிப்படியில் விழுந்தது அண்ணியைத் தவிர யாருக்கும் தெரியாது. இவருக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் மெதுவாக நடக்கிறார் என்றுதான் மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் போலீஸ்காரருக்குச் சளி எல்லாம் இல்லை அண்ணா. அதற்குப் பிறகு முன்னால் போய் நிற்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை. முழங்கால் வலித்ததால் இரண்டாவது சுற்றுக்குப் பேட்டரி வண்டியில் ஏறிக்கொண்டேன். அந்த டிரைவர் பாவம், நல்ல மனுஷன், இவர் வேகத்துக்கே ஓட்டினார்.

இதை அனுப்பாமல் கிழித்திருக்கலாம். ஆனால் சாவடியில் சொன்னதை இவர் கைப்பட எழுதியது உலகத்திலேயே இது ஒன்றுதான். பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த சண்டைக்குத் தேவைப்படும்.

வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். செருப்பைப் போட்டுக்கொண்டேன். நான் எழுந்து நடக்கப் போகிறேன், என்ன ஆகிறது என்று வந்து எழுதுகிறேன்.

இரண்டே அடிதான் வைத்தேன். திரும்பிவிட்டார், அண்ணா. கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "ஸ்வெட்டர் மஞ்சளா?" என்று கேட்டார். பிறகு கையை நீட்டினார், இந்தத் தடவை முன்பக்கமாக. பாட்டிலைக் கொடுத்தேன்.